பினாங்கில் பின்பனிச் சமையல்: உளுந்தங்களியா, பாசிப்பருப்புக் கஞ்சியா?

பருவத்துக்கேற்ற ஆயுர்வேதச் சமையலை எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கத் தொடங்கி மூன்று மாசி மாதங்கள் கடந்துவிட்டன. முதல் ஆண்டு பின்பனிக் காலை உணவாக உளுந்தங்களியை எடுத்துக்கொண்டேன். இரண்டாம் ஆண்டு பாசிப்பருப்புக் கஞ்சிக்கு மாறினேன். மூன்றாம் ஆண்டு இரண்டையும் வாரம் விட்டு வாரம் சமைத்துப் பார்த்த பிறகு, கஞ்சியே இந்த ஊருக்கு ஏற்றது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

செலவு, சத்து என்ற வகையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உளுந்தும் பாசிப்பருப்பும் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கின்றன. இரண்டுமே நல்ல புரதம். கஞ்சியைக் குக்கரில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம், களிக்கு அடுப்பை விட்டு நகர முடியாது என்பதும் சமைப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே.

நூலைக் கேட்டால், அது களியின் பக்கமே பேசுகிறது. ஆயுர்வேதத்தின் பழைய மூல நூலான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் ஆறாம் அத்தியாயம் பருவ ஒழுக்கத்தைச் சொல்கிறது. முன்பனியில் வெளிக்குளிர் சூழ்ந்துகொள்வதால் உடலின் வெப்பம் உள்ளேயே அடைபட்டுச் செரிமானத் தீ வலுக்கிறது என்றும், அந்தத் தீக்கு ஈடான கனத்த உணவு கிடைக்காவிட்டால் அது உடலின் சாரத்தையே எரிக்கத் தொடங்கி வாதம், அதாவது உடலில் வறட்சியை உண்டாக்கும் கூறு, மிகும் என்றும் அது விளக்குகிறது. அடுத்து வரும் சிசிரத்துக்கு, அதாவது நம் பின்பனிக்கு, அதே முறையைத்தான் விதிக்கிறது. குளிரோடு வறட்சியும் சேர்வதால் காரம், கசப்பு, துவர்ப்பு, எளிதில் செரிக்கும் லேசான உணவு, குளிர்ந்த உணவு ஆகியவற்றை விலக்கச் சொல்கிறது. இனிப்பு, நெய்ப்பு, சூடு, கனம் என்ற குணங்களால் வாதத்தைத் தணிக்கும் உளுந்து இந்த விதிக்கு அப்படியே பொருந்துகிறது. பாசிப்பயறோ லேசானது, குளிர்ச்சியானது, துவர்ப்பும் உள்ளது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அது பின்பனியில் தவிர்க்க வேண்டிய பட்டியலுக்கு அருகில்தான் நிற்கும்.

களியின் அருமையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. தோலுள்ள கறுப்பு உளுந்து நான்கு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு என்று வாசம் எழும்வரை வறுத்து அரைத்துக்கொள்வேன். கருப்பட்டி கைவசம் இல்லாத நாள்களில் குலா மெலாக்காவைக் கரைத்து வடிகட்டுவேன். பனைக்குப் பதில் தென்னையிலிருந்து வருவதால் அதன் வாசம் சற்று மாறுபட்டாலும் உளுந்தோடு இணக்கமாகவே சேர்கிறது. மாவைக் கரைத்து ஊற்றி, நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் களி எண்ணெயைக் கக்கிக்கொண்டு ஓரங்களை விட்டு உருண்டு வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாது. அந்த மினுமினுப்பைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும். பூப்பெய்திய பெண்களுக்கு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இதைக் கொடுத்து வருவது காரணமில்லாமல் அல்ல.

ஆனாலும் என்னைக் கஞ்சியின் பக்கம் திருப்பியது ஒரே ஒரு விஷயம். அது பசி.

காலை ஏழரைக்கு ஒரு கிண்ணம் களி உண்டால், மதியம் ஒரு மணிக்குச் சோறு பரிமாறும்போது கடிகாரம் சொல்கிறதே என்றுதான் உட்காருவேன். ஏப்பத்தில் உளுந்து வாசம் வரும், நாக்கில் வெண்மை படிந்திருக்கும், கண் இமைகள் கனக்கும். முதல் ஆண்டு இதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சத்தான உணவு, நெடுநேரம் தாங்குகிறது என்று மகிழ்ந்தேன். வந்து தங்கியிருந்த என் அத்தைதான் ஒரு நாள், “பசிக்காம ஏம்மா சாப்பிடறே, காலையில சாப்பிட்டதே இன்னும் கீழ எறங்கலையே” என்றார். முன் உண்டது செரித்த பிறகே அடுத்ததை உண்ண வேண்டும் என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை விதி. நான் பருவ விதியைப் பிடித்துக்கொண்டு அடிப்படை விதியை மீறிக்கொண்டிருந்தேன்.

மறுபடி நூலைப் படித்தபோதுதான் காரணம் புலப்பட்டது. நூல் கனத்த உணவை மாதத்தின் பெயருக்காகக் கொடுக்கவில்லை, குளிரால் வலுத்த தீக்காகக் கொடுக்கிறது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. இங்கே பிப்ரவரி என்பது மழை குறைந்து வெயில் ஏறும் மாதம். பகலில் முப்பத்திரண்டு பாகை வெப்பம் சாதாரணம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இந்தப் ‘பனிக்காலத்தின்’ தார்ச்சாலை எப்படிச் சுடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெப்பத்தை உள்ளே அடைக்கும் குளிர் இல்லாதபோது, அந்தத் தீ மட்டும் எங்கிருந்து வலுக்கும்? மேலும் ஆயுர்வேதம் காலத்தோடு தேசத்தையும் பார்க்கச் சொல்கிறது. நீர்வளமும் ஈரமும் மிகுந்த நிலத்தை ஆனூபம் என்று வகுத்து, அங்கே கபம், அதாவது உடலில் ஈரத்தையும் கனத்தையும் உண்டாக்கும் கூறு, ஓங்கியிருக்கும் என்கிறது. கடல் சூழ்ந்த இந்தத் தீவு ஆனூபமே. கபம் ஓங்கிய நிலத்தில், குளிரும் இல்லாத மாதத்தில், கபத்தை வளர்க்கும் உளுந்தை நாள்தோறும் உண்பது பொருந்தாது.

கஞ்சியை நூலின் எச்சரிக்கையை மனத்தில் வைத்தே சமைக்கிறேன். அரைக் கோப்பை பழைய அரிசி, கால் கோப்பை பாசிப்பருப்பு, ஆறு கோப்பை தண்ணீர். பருப்பை வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுப்பதை ஒருபோதும் தவிர்ப்பதில்லை. அதனால் அது இன்னும் எளிதில் செரிக்கிறது. இஞ்சி, சீரகம், நுணுக்கிய மிளகு, சிட்டிகை பெருங்காயம் ஆகியவற்றை ஒரு தேக்கரண்டி நெய்யில் தாளித்துச் சேர்க்கிறேன். நெய் பருப்பின் வறட்சியைப் போக்குகிறது, இஞ்சியும் மிளகும் அதன் குளிர்ச்சியைச் சமன் செய்கின்றன. சுடச்சுடக் குடித்தால் பன்னிரண்டரை மணிக்கெல்லாம் வயிறு தானாகவே சோறு கேட்கிறது. கபத்துக்குக் கொள்ளு இன்னும் நல்லதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், ஆனால் கொள்ளு சூடு மிகுந்தது, செரித்தபின் புளிப்பாக மாறும் தன்மை உடையது. நெஞ்செரிச்சல் உள்ள எனக்கு இந்த வெயிலில் அது ஒத்துக்கொள்ளவில்லை.

இது இரண்டு பெரியவர்கள் மட்டும் உள்ள ஒரு வீட்டின் அனுபவம். வளரும் பிள்ளைகளுக்கும் மெலிந்தவர்களுக்கும் களி கூடுதல் பயன் தரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதன் இனிப்பே தடை. கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் வாழ்பவர்களுக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது.

என் வீட்டிலேயே ஒரு விலக்கு உண்டு. என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், இரவெல்லாம் குளிரூட்டிய வறண்ட அறையில் வேலை செய்கிறார். கைத்தோல் வெடிக்கிறது, முழங்கால் மூட்டு சொடுக்குகிறது. நூல் சொல்லும் சிசிரம் அவருக்கு ஆண்டு முழுவதும் அந்த அறைக்குள் இருக்கிறது. களி உண்ட நாளிலும் அவருக்கு நேரத்துக்குப் பசிக்கிறது. எனவே இந்த மாசியில் திங்கள் முதல் சனி வரை கஞ்சி. இரவு வேலை முடிந்து அவர் வீடு திரும்பும் ஞாயிறு காலையில் மட்டும் களி. அதிலும் என் பங்கு ஓர் எலுமிச்சை அளவு உருண்டைதான்.