யெஸ்: ப்ரூஃபோர்டா, ஒயிட்டா?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான யெஸ்ஸின் எழுபதுகளில் சிறந்த அணி எது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பாடகர் ஜான் ஆண்டர்சன், கிட்டார் ஸ்டீவ் ஹோ, பேஸ் கிறிஸ் ஸ்கொயர் மூவரும் அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய நெடுக இருந்தவர்கள். கீபோர்டுக்கு ரிக் வேக்மன் வந்தார், போனார், திரும்ப வந்தார். ஆக, சண்டையெல்லாம் டிரம்ஸில்தான்: முதலில் வாசித்த பில் ப்ரூஃபோர்டா, அவருக்குப் பின் வந்த ஆலன் ஒயிட்டா?

என் ஓட்டு பில் ப்ரூஃபோர்ட் வாசித்த 1971-72 அணிக்கு. 'ஃப்ராஜைல்', 'க்ளோஸ் டு தி எட்ஜ்' என்று இரண்டே ஆல்பம் போட்ட அணி அது.

காரணம் ஸ்கொயர். அவருடைய ரிக்கன்பேக்கர் பேஸ் அடியில் அடங்கிக் கிடக்காது; பிக்கால் மீட்டி, இன்னொரு கிட்டார் மாதிரி முன்னால் வந்து நிற்கும். அதற்கு வழிவிடத் தெரிந்த டிரம்மர் வேண்டும். 'ஃப்ராஜைல்' ஆல்பத்தின் 'ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்' பாட்டின் தொடக்கத்தில் பேஸ் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, ப்ரூஃபோர்ட் நாம் எதிர்பார்க்கும் இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் தட்டுவார். சுருதி ஏற்றிய அந்த ஸ்னேர் டிரம் 'டக்'கென்று விழும், உடனே அடங்கும். நடுவே காற்றோட்டம் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் 1973-இல் வந்த 'யெஸ்சாங்ஸ்' நேரலைப் பதிவைக் கேளுங்கள். அதில் பெரும்பாலும் ஆலன் ஒயிட்தான்; ப்ரூஃபோர்ட் அதற்குள் கிங் கிரிம்சன் என்ற இன்னொரு குழுவுக்குப் போய்விட்டார். அதே 'ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்' இங்கே கனமாக, வேகமாக வருகிறது. ஆனால் இடைவெளியெல்லாம் அடைபட்டுவிடுகிறது. அதே தொகுப்பில் ப்ரூஃபோர்ட் வாசித்த பழைய பதிவான 'பெர்பெச்சுவல் சேஞ்ச்' வந்ததும் பேஸ் மறுபடி மூச்சுவிடுகிறது. எனக்கு வழக்கு அங்கேயே முடிந்தது.

ஒயிட் லேசுப்பட்டவர் இல்லை. ஜான் லெனனின் 'இமாஜின்' ஆல்பத்தில் வாசித்தவர். இந்தச் சிக்கலான பாடல்களைச் சில நாளில் கற்றுக்கொண்டு மேடை ஏறினார். 'ரிலேயர்' (1974) ஆல்பத்தின் 'கேட்ஸ் ஆஃப் டெலிரியம்' போர்ப் பகுதிக்கு அவருடைய பாரம்தான் வேண்டும். ப்ரூஃபோர்டை அங்கே என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஆல்பத்துக்குக் கீபோர்டு வாசித்த பாட்ரிக் மொராஸ் பிரமாதம்தான், ஆனால் யெஸ்ஸுடன் ஒரே ஸ்டூடியோ ஆல்பம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லத் தயக்கம். எண்பதுகளில் கிட்டாருக்கு வந்த ட்ரெவர் ராபின் காலத்து '90125' ஆல்பம் பெயரளவில் யெஸ். நல்ல பாப், அவ்வளவே.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எல்லாவற்றையும் இசைத்தட்டில் கேட்டவன், மேடையில் பார்த்தவன் இல்லை. ப்ரூஃபோர்ட் உச்சத்தில் கிளம்பிவிட்டதால் பேர் கெடாமல் தப்பித்தார். நான்கு பக்கம், நான்கே பாட்டு என்று நீண்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' ஒயிட் தலையில்தான் விழுந்தது.