‘வதிவிடச் சான்று வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்

மேல்மொணவூர் உட்பட வேலூர் மாவட்ட இலங்கை அகதி முகாம்களில் இருப்பவர்கள், முகாமுக்கு வெளியே பதிவில் இருப்பவர்கள், முக்கியமாக அப்பா அம்மா இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் தயவுசெய்து படியுங்கள். பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமையும், அதற்கான வதிவிடச் சான்றும் (அங்கே வசித்ததற்கான சான்று) எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் சுற்றிக்கொண்டிருக்கிறார். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் சந்துகளில் வங்கதேசத்திலிருந்து வரும் நோயாளிகளுக்கு விசா நீட்டிப்பு, லாட்ஜ் பதிவு, விமான டிக்கெட் என்று செய்து கொடுப்பார்களே, அந்த மாதிரி ஆள். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஒரு உலக வரைபடம். பெயர் இங்கே போடவில்லை, போலீசில் மனு போய்க்கொண்டிருக்கிறது. அவர் வேலை செய்கிற விதத்தை மட்டும் சொல்கிறேன், பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

முதலில் எங்கள் கதை. அப்பா பிறந்தது 1961-இல், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). அப்பாயி கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்துக்கு அப்புறம் வவுனியாவுக்கு இறங்கி, அங்கேயும் இருக்க முடியாமல் 1990-இல் படகேறி மண்டபம், அங்கிருந்து வேலூர். நான் பிறந்தது இங்கே பென்ட்லேண்ட் ஆஸ்பத்திரியில். பிறப்புச் சான்று வேலூர், அப்பாவோ எந்த நாட்டுப் பிரஜையாகவும் பதிவானதே இல்லை. தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைத்தது, எங்கள் வீட்டில் யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை.

ஏஜென்ட் கோட்டை விட்டதும் இங்கேதான், அல்லது தெரிந்தே ஏமாற்றியதும் இங்கேதான். யாழ்ப்பாணம், மன்னாரிலிருந்து வந்த ஒருவர் ஏற்கெனவே இலங்கைப் பிரஜை என்றால், இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையில் உள்ள துணைத் தூதரகம் வழியாகப் பதிந்து, வம்சாவளிக் குடியுரிமை கேட்கலாம். முன்பு தகப்பன் வழியாக மட்டும்தான் முடியும், 2003-க்கு அப்புறம் தாய் வழியாகவும் முடியும். ஆனால் அப்பாவுக்கே குடியுரிமைப் பதிவு இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அந்த விண்ணப்பத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்தால் எதுவும் நகராது. எங்களுக்கு வேண்டியது 2003-ஆம் வருடத்து 35-ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்கள், அவர்களுடைய வழித்தோன்றல்கள், இவர்களுக்கான சட்டம் அது. இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களுக்கும் பொருந்துகிற மாதிரி 2009-இல் திருத்தினார்கள். ஆக நாங்கள் காட்ட வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தேதியில் அப்பாவும் அப்பாயியும் அந்த மண்ணில்தான் இருந்தார்கள்.

இதை நான் சொன்னதும் ஏஜென்ட், “இன்னா தம்பி, இதெல்லாம் ஒரு விஷயமா, தோட்டத்திலேர்ந்தே வதிவிடச் சான்று எடுத்துடலாம், கொழும்புல நம்ம ஆள் இருக்கார்” என்றார். முன்பணம் பத்தாயிரம். அப்புறம் “கொழும்புச் செலவு” என்று பன்னிரண்டாயிரம். பணம் போனது அவர் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு பெண் பெயரில் இருக்கிற ஜிபே எண்ணுக்கு. ரசீது கேட்டதற்கு, வேலை முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்றார்.

பணத்தைக்கூட விடுங்கள். சரிபார்க்க வேண்டும் என்று வீட்டில் இருந்த காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அதில் ஒன்று அப்பாவின் பிறப்புப் பதிவுப் பிரதி. இன்னொன்று அப்பாயியின் ஈபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) அட்டை. பழுப்பு நிறத்தில், நாலாய் மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டி, அப்பாயியின் கைரேகை ஒரு ஓரமாய் ஊதா மையில் இருக்கும். அவர் சேர்ந்த வருடம் 1964-க்கு முன்னால் என்பது அதில் கையெழுத்தாகவே எழுதியிருக்கும். படகில் வரும்போது அம்மா அதைப் பால்மா டின்னுக்குள் போட்டு மூடிக் கொண்டுவந்தார். அதற்குப் பதிலாக ஏஜென்ட் எனக்குக் கொடுத்தது ஒரு ஜெராக்ஸ், அட்டை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் வெறும் கறுப்புத் திட்டு.

கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டு ஒரு கடிதம் நீட்டினார். தோட்ட நிர்வாகம் கொடுத்ததாம். அப்பாயி பெயர், செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) எண், ‘இத்தோட்டத்தில் நிரந்தரமாக வசித்து வருகிறார்’, தேதி 1966. தாள் முழுக்கப் பழுப்புக் கறை. தேயிலைத் தோட்டத்துக் கடிதம் என்பதால் டீயையே ஊற்றிவிட்டார் போல. போட்டோ எடுத்து ஹட்டனில் இருக்கும் பெரியப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

“மகன், மேலே என்ன போட்டிருக்குன்னு வாசிச்சியா?”

வாசித்தேன். ‘இலங்கை ஜனநாயக சோசலிசக் குடியரசு’.

“அந்தப் பேர் எழுபத்தெட்டுலதான் வந்திச்சு. அறுபத்தாறுல இது சிலோன். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலம், அவங்க இங்கிலீஷ்லதான் கடிதம் எழுதுவாங்க. இதை எங்கயும் குடுத்திடாத.”

1972 மே மாதம் வரைக்கும் நாட்டின் பெயர் சிலோன்தான், ஆங்கிலக் காகிதங்களில் ஸ்ரீலங்கா என்று வந்ததே அதற்கு அப்புறம்தான். உங்கள் கையில் இப்படி ஏதாவது ‘பழைய’ கடிதம் இருந்தால் முதலில் அந்தத் தலைப்பைப் பாருங்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1972, 1975-இல். மறுபடி தனியார் கம்பெனிகள் கைக்குப் போனது 1992-இல். அறுபதுகளின் தேதி போட்ட தாளில் இன்றைக்கு இருக்கிற கம்பெனியின் முத்திரை இருந்தாலும் அது போலிதான். இப்படி ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால், நாளைக்கு உண்மையான அட்டையை நீட்டினாலும் யார் நம்புவார்கள்?

ஏஜென்டிடம் போய்க் கேட்டோம். முதலில் “பிரிண்டிங் மிஸ்டேக்” என்றார் (1966-இல்!). அப்புறம், மீதிப் பணம் கொடுத்தால்தான் ஒரிஜினல் என்றார். இப்போது போன் எடுப்பதில்லை, ரூம் பூட்டியிருக்கிறது, கீழே ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாதாம்.

எங்கள் வீட்டு வரிசையில் குடியிருக்கும் ஒரு அக்காவிடமும் எட்டாயிரம் வாங்கியிருக்கிறார். அவர் குடும்பம் 1984-இலேயே வந்தது, அக்கா பிறந்தது 1986-இல் மண்டபத்தில். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்று இங்கே சட்டமே இருக்கிறது, அப்பா அம்மா எங்கே வசித்தார்கள் என்ற கேள்வியே அதில் வராது. அப்படிப்பட்டவருக்கு இலங்கை வதிவிடச் சான்று எதற்கு? ஆள் யார், எந்த வருடம் பிறந்தார் என்றுகூடக் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுத்துக் காசு பார்க்கிறார்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். ‘வசித்தார்’ என்று இன்றைக்கு யாராவது எழுதிக் கொடுக்கும் கடிதத்தைத் தேடுவதை விட்டுவிட்டோம். அந்தக் காலத்திலேயே வேறு காரணத்துக்காகப் பதிந்த பதிவுகளைத் தேடுகிறோம். அப்பாவின் பிறப்புப் பதிவை, பிறந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் பெரியப்பா விண்ணப்பித்திருக்கிறார். தோட்டப் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பாவின் அண்ணன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம், அவர் சேர்ந்தது 1963 வாக்கில். கல்யாணப் பதிவு, தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவு, செக்ரோல், ஈபிஎஃப் எல்லாம் இந்த வகைதான். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அப்பாயி ஒன்றில் ராமாயி, ஒன்றில் இராமாய், அதை மறைக்காமல் சேர்த்தே காட்டுவோம். இந்த வேலையில் பல வருடப் பழக்கம் உள்ள ஓஃபர் அமைப்பை, அதாவது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைக் கேட்டுவிட்டு அடுத்த அடி வைப்பது நல்லது. கட்டணம் எதுவானாலும் அந்தந்த அலுவலகக் கவுன்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், பக்கத்தில் நின்று காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். யாருக்குக் காட்டுவதற்கு முன்னாலும் இரண்டு பக்கமும் தெளிவாக போட்டோ எடுத்து வீட்டில் நாலு பேர் போனில் வைத்திருங்கள், முக்கியமாக எண்கள்.

எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுத்து ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கியாயிற்று. ஜிபே விவரங்களும் அந்த டீக் கடிதமும் அதோடு இருக்கிறது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு அந்த அட்டை வேண்டும். இதே ஆளிடம் ஒரிஜினல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள், எந்தத் தாள், எப்போது கொடுத்தீர்கள், எந்த எண்ணுக்குப் பணம் போட்டீர்கள் என்று எழுதினால் போதும், எல்லோர் மனுவையும் சேர்த்தே கொடுக்கலாம்.