ஏழாம் இலக்கப் பொறியும் பல்லிகளும்: மூன்று மாரி கண்ட ஒட்டுப்பொறி

முல்லைத்தீவில் பாடசாலை நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் தங்கை போன கிழமை கேட்டாள்: "அக்கா, உங்கள் வாசிகசாலையில் வைத்திருக்கும் ஒட்டுப்பொறியை நாங்களும் வாங்கலாமா?" உள்ளே பசை தடவி, இரு பக்கமும் வாய் திறந்திருக்கும் மட்டைப் பொறியைத்தான் கேட்டாள். அன்று காலைதான் ஐந்தாம் இலக்கப் பொறியிலிருந்து ஒரு பல்லியைப் பிரித்தெடுத்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் மூன்று மாரி பாவித்தவள், நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வாசிகசாலை. 2009க்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் கொடுத்த நூல்கள்தான் பெரும்பாலும். ஒரு வைத்தியர் குடும்பம் இடம்பெயர்ந்த இடமெல்லாம் சுமந்து திரிந்த ஏட்டுக்கட்டு ஒன்றும் இருக்கிறது. அதில் ஏடு துளைக்கும் இராமபாணப் பூச்சி போட்ட துளைகளைப் பார்த்த பிறகுதான் பொறி வாங்கினேன். பூச்சியை ஒழிக்கும் வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. எந்தப் பூச்சி, எந்த மூலையில், எத்தனை என்று சொல்லும், அவ்வளவுதான். சுவரும் தரையும் சேரும் ஓரமாக ஊரும் பூச்சி தற்செயலாக உள்ளே நுழைந்து ஒட்டிக்கொள்ளும். 12 பொறிகள் வைத்தேன். ஒவ்வொன்றிலும் இலக்கம், திகதி. மாதம் ஒருமுறை எண்ணிக் கொப்பியில் பதிவேன்.

முதல் மாரியிலேயே அது தன் விலையைத் திருப்பித் தந்துவிட்டது. மற்றப் பொறிகளில் ஒன்றிரண்டு பூச்சிகள் இருக்க, மூன்றாம் புத்தக இறாக்கையின் கீழிருந்த ஏழாம் இலக்கத்தில் 19 வெள்ளிமீன் பூச்சிகள். டோர்ச் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வாலில் மூன்று மயிரிழைகள், உடலில் பொடிச் செதில்கள். பெரியவற்றின் நடுவே அதே அச்சில் வெளிறிய குஞ்சுகள். குஞ்சு இருந்தால் அங்கேயே குடும்பம் நடக்கிறது என்று பொருள். இறாக்கையை இழுத்துப் பார்த்தபோது சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிப் போயிருந்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் வெளியே வெடித்திருந்தது. ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் இந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம். குழாயை மாற்றி, சுவரைக் காயவிட்டு, இறாக்கையை ஒரு சாண் தள்ளி வைத்தோம். தை பிறந்தபோது கணக்கு இரண்டு. ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கவில்லை. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இனிப் பல்லிக்கு வருகிறேன். பொறியில் பூச்சி துடிப்பதைக் கண்டதும் பல்லிக்கு அது விருந்து. தலையை நீட்டும், முன்கால் ஒட்டும், உதறும், வயிறும் ஒட்டும். வாலைக் கழற்றிப் போட்டும் தப்பாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, விரல் விரலாக இளக்கி எடுக்க அரை மணி நேரம் பிடிக்கும். கையில் அதன் வயிறு படபடவென்று அடிக்கும். எடுத்தவற்றில் பாதி பிழைக்கவில்லை. இரவெல்லாம் சம்பளமில்லாமல் பூச்சி தின்று நூலைக் காத்த உயிர் அது. நான் வைத்த மட்டையில் சாகிறது. கவனிக்காமல் விட்டால் செத்த உடலுக்கு எறும்பு வரும், தோல் தின்னும் வண்டு வரும். எறும்பு ஒட்டியிருந்த பூச்சிகளையும் இழுத்துப் போய்விட்டால் அந்த மாதக் கணக்கே பொய். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை இல்லை. இரு வாயிலும் கம்பிவலை கட்டிப் பார்த்தேன். பல்லி உள்ளே வருவது நின்றது, பெரிய கரப்பான் வருவதும் நின்றுவிட்டது.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் புழுதி படிந்து பசை ஒரே மாதத்தில் செத்துவிடுகிறது. இது பல்லியளவு வலிக்கவில்லை.

கறையானுக்கு இந்தப் பொறியை நம்பவே கூடாது. வன்னியில் புற்றில்லாத வளவு ஏது? அது சுவருக்குள்ளும் மண்குழாய்க்குள்ளும் வரும், பொறியின் பக்கம் தலைகாட்டாது. போன வருடம் பத்தாம் இலக்கம் வெறுமையாக இருந்த அதே மாதம், அதற்கு மேலிருந்த அடித்தட்டில் பழைய சஞ்சிகைக் கட்டு உள்ளே மண்ணாகிக் கிடந்தது. அட்டை மட்டும் அப்படியே நின்றது.

தங்கைக்கு என் பதில்: வாங்காதே. முதலில் கதவின் அடி இடுக்கை அடை, கூரை ஒழுக்கைப் பார், கிழமைக்கு ஒருமுறை சுவரடியில் கறையானின் மண்கோடு தேடு. இறாக்கைத் தட்டில் வெள்ளைத் தாள் விரித்து வை. வண்டு துளைத்தால் மாவுபோலத் தூள் அதில் கொட்டும். தாளில் எந்தப் பல்லியும் சாகாது.

நேற்று 11 பொறிகளையும் எடுத்துவிட்டேன். ஏழாம் இலக்கத்தை மட்டும் இரு பக்கமும் வலை கட்டி, அதே சுவரோரம் திரும்ப வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கப் போகிறது.