விலங்கு கப்கேக் செய்ய எந்த அச்சு, எந்த கிரீம்? எங்கள் வீட்டு அனுபவம்

விலங்கு முகம் பதித்த சிலிக்கான் அச்சு வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். சாதாரண வட்ட சிலிக்கான் கப் போதும். இரண்டுமே எங்கள் வீட்டில் சில வருடங்களாகப் புழங்குகின்றன. முயல் அச்சில் காது மெலிசு என்பதால் அது முதலில் வெந்து காய்ந்துவிடும். நடுப்பகுதி வேகும்வரை விட்டால் காது கருகும். எடுக்கும்போது பாதிக் காது அச்சிலேயே தங்கிவிடும், அதற்குச் சின்னவள் ஒரு பாட்டம் அழுவாள்.

வட்டக் கப்புகளில் நிறம் மங்கியிருக்கிறதே தவிர ஒன்றும் கிழியவில்லை. வளைகிற சாமான் என்பதால் தட்டில் அடுக்கிய பிறகுதான் மாவு ஊற்ற வேண்டும், அதுவும் மூன்றில் இரண்டு பங்குதான். ஓடிஜியில் (சின்ன மின்சார அவன்) 170 டிகிரி, 20 நிமிடம். அலுமினிய அச்சு மாதிரி அடிப்பக்கம் சிவக்காது, பிள்ளைகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. நாள்பட எண்ணெய்ப் பிசுக்கு ஏறுவதுதான் குறை. சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி வெந்நீரில் ஊறவைத்தால் போய்விடும். வாசனை சோப்பு மட்டும் வேண்டாம், அந்த வாசம் கேக்கிலும் வரும்.

சென்னை வெயிலில் மேலே போடும் கிரீம்தான் தலைவலி. வெண்ணெய் 32-35 டிகிரியில் உருகிவிடும், மே மாதத்தில் எங்கள் சமையலறைச் சூடே அவ்வளவு இருக்கும். பட்டர்கிரீமில் சிங்கம் செய்தால் பிடரி வழிந்து தாடியாகிவிடும். ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவை ஃப்ரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் வியர்த்துப் பிசுபிசுக்கும். இப்போது சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு போட்டு கனாஷ்தான் செய்கிறேன். கரடிக்கும் குரங்குக்கும் நிறமே சேர்க்க வேண்டாம். வெள்ளை ஆட்டுக்கு மட்டும் பாலில்லாத விப்பிங் கிரீம், மேலே உலர் தேங்காய்த் துருவல்.

நிறத்துக்கு ஜெல் வடிவ உணவு நிறம்தான் சரி. தண்ணீர் நிறம் ஊற்ற ஊற்ற கிரீம் இளகிப்போகும். சிவப்பைக் கொஞ்சம் குறைவாகவே கலக்குங்கள், சில மணி நேரத்தில் தானே அடர்த்தியாகும்.

கிரீம் பிழியும் பையின் நுனியில் மாட்டும் நாசில்களில் பிள்ளைகள் கைக்கு வாகானது 233 நம்பர். பல ஓட்டைகள் உள்ளது, அழுத்தி இழுத்தாலே ரோமம் வந்துவிடும், கோணல்மாணலாக வந்தால் இன்னும் அழகு. ஆனால் ஐசிங் சர்க்கரையில் ஒரு கட்டி இருந்தாலும் அடைத்துக்கொள்ளும், சலிக்காமல் போடாதீர்கள்.

காது, மூக்கு எல்லாம் மளிகைச் சாமான்தான். பாண்டா காதுக்கு மினி ஓரியோ, குரங்கு காதுக்கு மேரி பிஸ்கட் துண்டு, மூக்குக்கு ஜெம்ஸ். பெரியவனுக்குப் பிடித்தது முள்ளம்பன்றி: கனாஷ் தடவி, நீளவாக்கில் சீவிய பாதாமை முகத்துக்கு இடம் விட்டு வரிசையாகக் குத்துவான், அரைமணி நேரம் சத்தமே வராது. சின்னவளிடம் ஜெம்ஸ் கிண்ணத்தைக் கொடுத்தால் மூக்குக்கு மிஞ்சாது, எண்ணிக் கொடுப்பதுதான் வழி.

கிரீம் பிழியும் பைப்பிங் பையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பையின் மேல்வாயை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் அழுத்துகிற அழுத்தில் கிரீம் பின்பக்கமாக ஏறி முழங்கை வரை வழியும்.