மூட்டுவலிக்கு ஆப் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அம்மாவுக்கு 63 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆபரேஷன் இப்போது வேண்டாம், எக்சர்சைஸ் செய்யுங்கள் என்றார் டாக்டர். வாரம் மூன்று நாள் பிசியோவிடம் கூட்டிப்போக எனக்கு லீவு கிடைக்காது. அதனால் போனில் விளம்பரம் வந்த ஓர் ஆப்பில், மூன்று மாதத்துக்கு 2,999 ரூபாய் கட்டினேன். "உங்களுக்கென்றே பிசியோதெரபிஸ்ட் தயாரிக்கும் திட்டம்" என்று போட்டிருந்தார்கள்.

வயது, எடை, எங்கே வலி, பத்துக்கு எவ்வளவு வலி. கேட்டது அவ்வளவுதான். எக்ஸ்ரேயை அனுப்பக்கூட வழியில்லை. நான்காம் நாளே முழு ஸ்குவாட். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்றது போனில் ஒரு குரல். போதும்மா என்றேன். "டாக்டர்தானே சொல்றாருப்பா" என்றார். அன்று ராத்திரி வலது முழங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. சாட்டில் இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் எழுத்து மாறாமல் ஒரே பதில்: "ஆரம்பத்தில் வலி இயல்பு, தொடருங்கள்."

சந்தேகப்பட்டு, தம்பி போனில் 27 வயது என்று போட்டுப் புதுக் கணக்கு தொடங்கினேன். அம்மாவுக்கு வந்த அதே வீடியோக்கள், அதே வரிசையில் வந்தன.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆப்பை அழித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து மறுபடி 2,999 போனது! ஆப்பை அழித்தாலும், பணம் தானாகப் போக நாம் கொடுத்த ஆட்டோபே அனுமதி அழியாது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நாம்தான் ரத்து செய்ய வேண்டும். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, விளம்பரம் என்று திறக்காமல் விட்டிருக்கிறேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பக்கத்துத் தெரு பிசியோவிடம் போனோம். அம்மாவை முதலில் நடக்க வைத்துப் பார்த்தார். முதல் வாரம் ஒரே ஒரு துண்டுதான்: சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கிக் கீழே அழுத்தி, ஐந்து எண்ண வேண்டும். வீக்கம் வற்றிய பிறகுதான் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்து எழுவது. அதை அம்மாவின் போனிலேயே பிசியோ வீடியோ எடுத்தும் கொடுத்தார். போனைப் பார்த்து வீட்டில் செய்வது தப்பே இல்லை. ஆனால் உடம்பைப் பார்த்த ஒருவர் சொன்னதாக இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன், வீடியோ காலிலாவது பரிசோதிப்பார்களா, அந்த பிசியோவின் பெயர், படிப்பு என்ன என்று கேளுங்கள். மூட்டு வீங்கிச் சூடானாலோ, கால் மரத்துப்போனாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.