உறைபனியும் உப்பும் கண்ட கான்கிரீட்: நீண்ட கால அனுபவம்

வீட்டின் முன்புறத்தில் கார் நிறுத்தும் தளத்தையும் அதை ஒட்டிய நடைபாதையையும் ஒரே லாரியில் வந்த கலவையைக் கொண்டு ஒரே நாளில் போட்டோம். பல குளிர்காலங்களுக்குப் பிறகு, தளம் ஏறக்குறைய போட்டபடியே இருக்கிறது. நடைபாதையின் மேற்பரப்போ செதில் செதிலாக உரிந்து, ஆங்காங்கே ஜல்லி வெளியே தெரிகிறது.

கலவையில் குறை சொல்ல இடமில்லை. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது; நுண்துளைகளில் நிறைந்திருக்கும் நீருக்கு ஒதுங்க இடமில்லையென்றால் அந்த அழுத்தத்தைக் கான்கிரீட்தான் தாங்க வேண்டும். அந்த இடத்தைத் தருவதற்காகவே காற்றுக்குமிழ் சேர்க்கை இடப்படுகிறது. 20 மி.மீ. ஜல்லிக்குச் சுமார் 6 சதவீதக் காற்றும், 0.45-க்கு மேற்படாத நீர்–சிமெண்ட் விகிதமும் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். காற்றின் மொத்த அளவு மட்டும் போதாது. குமிழ்கள் மிகச் சிறியனவாக, சுமார் 0.2 மி.மீ.க்குள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால்தான் பலன் உண்டு.

வேறுபாடு மேற்பரப்பை முடித்த விதத்தில் இருந்தது. தளத்தில், போட்ட கலவையிலிருந்து மேலே ஊறிவரும் கசிவு நீர் முழுவதும் வற்றிய பிறகே மட்டம் செய்து, துடைப்பத்தால் கோடிழுத்தார்கள். நடைபாதைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டதால், நீர் மினுங்கிக்கொண்டிருந்த பரப்பின் மேலேயே இரும்புக் கரணையை ஓட்டி வழவழப்பாக்கினார்கள். அப்படிச் செய்யும்போது நீர் மேல்தோலுக்குள்ளேயே அடைபட்டு, அந்தச் சில மில்லிமீட்டர்களில் நீர்–சிமெண்ட் விகிதம் ஏறிவிடுகிறது. தேவையான காற்றுக்குமிழ்களும் வெளியேறிவிடுகின்றன. உரிந்த செதில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் விரலில் மாவாக ஒட்டுகிறது. அதற்குக் கீழே உள்ள கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது.

பனியை உருக்கத் தூவும் உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண உப்பு கான்கிரீட்டை அரிப்பதைவிட, அதை எப்போதும் ஈரமாக வைத்திருப்பதே பெரிய தீங்கு. சுமார் 3 சதவீத நீர்த்த உப்புக் கரைசலில்தான் உரிதல் மிகக் கடுமையாக நிகழும் என்பது ஆய்வகச் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஆகவே கொஞ்சமாகத் தூவினால் பாதகமில்லை என்று எண்ணிவிட முடியாது. நாம் தூவாவிட்டாலும் சாலையிலிருந்து காரின் அடிப்பாகத்தில் ஒட்டிவரும் உப்புநீர் சொட்டிக்கொண்டேயிருக்கும். அதைத் தாங்கியும் தளம் நிற்கிறது என்பதே, குறை மேற்பரப்பை முடித்த விதத்தில்தான் என்ற என் மதிப்பீட்டுக்கு ஆதாரம். அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் கலந்த பொருட்களை மட்டும் எந்நாளும் அண்டவிடக்கூடாது; அவை சிமெண்டையே வேதியியல் முறையில் தாக்குகின்றன.

முதல் குளிர்காலத்தில் உப்பே போடாமல், வழுக்காமலிருக்க மணலை மட்டும் தூவினோம். நன்றாக நீராற்றி, பின் உலரவிட்டு, சிலேன் வகை ஊடுருவும் சீலரைத் தளத்துக்குப் பூசினோம்; அது நீரைத் தடுத்தாலும் உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடுவதால், பரப்பில் படலமாகப் படியும் வகைகளைவிட இதையே விரும்புகிறேன். உரியத் தொடங்கிய பின் நடைபாதைக்குப் பூசியதில் வேகம் சற்றுக் குறைந்ததே தவிர, உரிதல் நிற்கவில்லை. பலவீனமான தோலைச் சீலரால் வலுப்படுத்த முடியாது.

நடைபாதையை மறுபடி போடும்போது, கலவையைக் கொட்டும் முன்பே காற்றளவுமானியால் அளந்து காட்டச் சொல்வேன். கசிவு நீர் வற்றும்வரை எந்தக் கருவியும் பரப்பைத் தொடக்கூடாது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வேன்.