அப்பாவின் துவக்குப் பிடியும் எம்பெக்கேப் பக்கத்து பாஸும்

கந்தப்பளையில் எங்களுக்குக் கொஞ்சம் உருளைக்கிழங்கும் லீக்ஸும். பன்றித் தொல்லைக்காக அப்பா லைசன்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கு இப்போது என் பெயரில். அதன் பிடியில் குறுக்கும் மறுக்குமாகக் கோடு வெட்டி, சின்னச் சின்ன டயமன் பொட்டுகளாக நிற்கும். அலங்காரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜூலை மழையில் விரல் விறைத்து, ஈரக் கையோடு வரப்பில் நின்றால் அது எதற்கென்று தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டவுனில் ஒரு கடையில், அலுமாரி, கதிரைக்குப் பொலிஷ் அடிக்கிறவர்களிடம், துவக்கின் பிடியோடு சேர்ந்த மரக் கட்டையைக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பொட்டுகளின் மேலேயே அரத்தாள் போட்டுத் தேய்த்து, லெக்கர் அடித்துத் தந்தார்கள். கண்ணாடி மாதிரி மினுங்கியது. கோட்டுப் பள்ளமெல்லாம் அடைத்துவிட்டது. போதாக்குறைக்கு ஸ்டோர் படியில் விழுந்து, பிடியின் இடப்பக்கம் ஒரு சில்லும் பெயர்ந்தது.

சரி, எம்பெக்கே தேவாலய மரத்தூண்களைச் செதுக்கிய ஊர்ப்பக்கம் மரவேலைக்காரர்களுக்குக் குறைவா என்று கண்டிப் பக்கம் போனேன். விக்கிரமபாகு ராஜா காலத்துக் கோயில் அது, 14ஆம் நூற்றாண்டு. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, ரோட்டோரத் தகரக் கொட்டகை ஒன்றில் இருக்கிறார் இந்த மரவேலை பாஸ். நிலைக்கதவு, தாமரைப் பலகை, டூரிஸ்ட்டுக்கு யானை. இதுதான் அவருடைய அன்றாடம். போகிறவர்கள் மரத்தை மட்டும் கொண்டுபோங்கள். துவக்கை இன்னொருவர் கையில் விட்டுவர லைசன்ஸ் இடம் தராது. என்னுடையதில், தோளில் முட்டுகிற பின்தகட்டின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே நீளமான போல்ட். அதைத் திருகினால் கட்டை தனியாக வந்துவிடும். இரும்பை வீட்டில் பூட்டிவிட்டு, கட்டையை மழைக்கோட்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

“மாத்தயா, துவக்குக் கட்டை நான் செய்ததில்லை” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, அடிமட்டம் வைத்து, குண்டூசி முனையால் ஒவ்வொரு கோடாக எண்ணினார். அங்குலத்துக்கு 20. அப்புறம் மெழுகுதிரித் துண்டொன்றை உள்ளங்கையில் உருட்டி இளக்கி, சேதமாகாத மூலையில் அழுத்தி எடுத்தார். கோட்டின் பள்ளம் எவ்வளவு சரிவு என்று அந்த மெழுகில் அப்படியே பதிந்திருந்தது. பழைய முக்கோண அரம் ஒன்றின் நுனியை வளைத்து, அந்த மெழுகுக்குப் பொருந்தும்வரை சாணை பிடித்தார். முழுவதையும் வழித்துவிட்டுப் புதிதாக வெட்டலாமே என்று கேட்டேன். “கோடு இருக்கிறதே, அதன் பின்னாலே போனால் போதும்” என்றார்.

லெக்கரை எடுக்க அரத்தாளைத் தொடவில்லை. தின்னரும் பல்துலக்கும் பிரஷும்தான். நசுங்கிய பொட்டுகளின் மேல் ஈரத்துணி விரித்து, சூடான அயனைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். ஆவியில் மரம் ஊதி எழும்பியது. நார் அறுந்து போனது எழும்பாது என்று முன்கூட்டியே சொன்னார், எழும்பவும் இல்லை. பெயர்ந்த சில்லுக்குத்தான் எனக்குக் கவலை. கட்டை வால்நட், நம்மூரில் எங்கே தேடுவது? பின்தகட்டுக்குள் மறைகிற இடத்திலிருந்தே ஒரு சிலாகை எடுத்து, நாரோட்டம் பார்த்து ஒட்டினார். மறுநாள் நல்ல கோட்டில் அரத்தை இறக்கி, ஒட்டின துண்டுக்குள் கொண்டுபோனார். ஒரே தடவையில் ஆழம் எடுக்காமல், குட்டிக் குட்டி இழுப்பாக, நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை தூசியைத் துலக்கி. ஒட்டு எங்கே என்று இப்போது தேடத்தான் வேண்டும்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு கிழமை என்றவர் ஏழு கிழமை எடுத்தார். போன் எடுக்கவே மாட்டார். கீழ்ப்பக்கம் இரண்டு கோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடியிருக்கிறது, மயிரளவுதான், ஆனால் நகம் பட்டால் தெரிகிறது. நான் காட்டியபோது மறுக்கவில்லை. அதற்காகக் காசைக் குறைக்கவும் இல்லை. மொத்தம் 8,500 ரூபா, எண்ணெய் பூசுவது சேர்த்து. லின்சீட் எண்ணெயில் டர்பன்டைன் கலந்து, கோட்டுக்குள் தேங்காமல் பிரஷால் துலக்கித் துலக்கி மெல்லிசாகப் பூசினார். கண்டிச் சூட்டில் காய்ந்திருக்குமோ என்னவோ, எங்கள் பனியில் பதினைந்து நாளாகியும் கையில் பிசுக்கென்றது. அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்த பிறகுதான் சரியாகியது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, சட்டி வைக்கிற இடமாம்.

அவசரக்காரர்களும், புதுசு மாதிரி மினுங்க வேண்டும் என்கிறவர்களும் அங்கே போக வேண்டாம். பழையது பழையதாகவே கைக்குப் பிடிக்க வேண்டும் என்றால் போகலாம். குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டையிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. வருஷ லைசன்ஸைப் புதுப்பித்த கையோடு ஜனவரியில் கொண்டுவருகிறேன் என்றேன். முன்பணம் வேண்டாம், வீட்டில் தேய்ந்த முக்கோண அரம் கிடந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.